உங்கள் வார்டில் ஊரைக் கூட்டுவது எப்படி: பகுதி சபைக்கு யோசனை கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

மதுரையில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஊரைச் சரிசெய்ய நாலு யோசனை காதில் விழும். அதில் பாதி நல்ல யோசனை. ஆனால் டீ ஆறுவதற்குள் அதுவும் ஆறிவிடும், ஏனென்றால் அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது, யாரிடம் கொடுப்பது, எந்த வடிவத்தில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்பது நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்கள் தெருக்காரர்களோடு சில வருடம் அலைந்ததில் இதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். நகராட்சி, பேரூராட்சி என்றால் பதவிப் பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கும் வார்டு அளவில் குழு வேண்டும் என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தது. கிராமத்தில் கிராமசபை இருந்தது, நகரத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு இடம் நெடுங்காலம் இல்லை. தமிழ்நாட்டில் 2022-இல்தான் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபைகள் கூடின. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிக்கிறார்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. வார்டு குழுவுக்கு உங்கள் கவுன்சிலர் தலைவர், பகுதிக்கு ஒருவர் வீதம் பிரதிநிதிகள் அதில் இருப்பார்கள். அவ்வளவுதான்.

முதலில் உங்கள் வார்டையும் ஆட்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள், இதிலேயே பலர் தவறிவிடுகிறோம். மதுரையில் 100 வார்டு, 5 மண்டலம். வார்டு மறுவரையறைக்குப் பிறகு எண்கள் மாறிவிட்டதால் பழைய வீட்டு வரி ரசீதில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள். புது ரசீதைப் பாருங்கள், அல்லது மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கூடவே உங்கள் தெரு எந்தப் பகுதி சபையில் வருகிறது, பிரதிநிதி யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் கவுன்சிலர், வார்டைப் பார்க்கிற உதவிப் பொறியாளர் (எல்லோரும் ஏ.இ. என்றுதான் சொல்வார்கள்), சுகாதார ஆய்வாளர், மண்டல உதவி ஆணையர் ஆகியோரின் அலுவலக எண்கள். அப்புறம் இரண்டு பேரை மறக்காமல் சேருங்கள்: உங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், தூய்மைப் பணியாளர்களின் மேற்பார்வையாளர். எந்த வால்வு எங்கே மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, எந்த மேன்ஹோல் எப்போது பொங்கும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது, இவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் மூன்று வருடமாகப் புரியாமல் இருந்த ஒரு சாக்கடை அடைப்பை, மேலே தார் போட்டு மூடிவிட்ட ஒரு மேன்ஹோலைக் காலால் தட்டிக்காட்டி ஐந்து நிமிடத்தில் சொன்னவர் ஒரு தூய்மைப் பணியாளர்தான்.

ஆட்களைக் கூட்டுவது

வழிகாட்டி முழுவதிலும் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் இது சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

நாங்கள் முதலில் கூட்டிய கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில். வந்தவர்கள் பதினான்கு பேர். எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள், எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். நல்ல மனிதர்கள்தான், அக்கறையோடுதான் பேசினார்கள். தெருவுக்குக் கேமரா வேண்டும், தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது, அந்தத் தள்ளுவண்டிக்காரர்களில் ஒருவரைக்கூட நாங்கள் கூப்பிடவில்லை. பெண்கள் யாரும் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் இல்லை, தெருவில் பாதிப் பேர் வாடகைக்குத்தான் இருக்கிறோம். ஞாயிறு காலை பத்து மணி என்பது ஒரு வீட்டில் யாருக்கு ஓய்வு நேரம், யாருக்கு அடுப்படி நேரம் என்று நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை.

அதனால் நேரத்தைத் தெருவிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். தண்ணீர் வருகிற நாளில் வைக்காதீர்கள், குடம் நிரம்புகிற நேரத்தில் யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. எங்களுக்கு ஒத்துவந்தது வாரநாளில் இரவு எட்டரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எல்லோரையும் ஒரே கூட்டத்தில் பிடிக்க முயலாமல், அவர்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு நாம் போவது இன்னும் நல்லது: மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் காத்திருக்கிற பெற்றோர், ஆட்டோ ஸ்டாண்டு, அதிகாலைப் பூக்கடை. ஐந்து நிமிடம் பேசி, சொன்னதை அவர்கள் கண் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள். தான் சொன்னது எழுத்தாவதைப் பார்க்கிறவர் அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இடம் விஷயத்தில் கறாராக இருங்கள். ஏதாவது ஒரு சமூகத்தின் மண்டபத்தை இலவசமாகத் தருகிறோம் என்பார்கள், ஒரு கட்சிக்காரர் தன் அலுவலகத்தைத் தருவார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அந்தப் படியில் ஏறத் தயங்குகிறவர் நம் தெருவில் நிச்சயம் ஒருவர் இருப்பார், அவர் தயங்குகிறார் என்பதுகூட நமக்குத் தெரியாமல் போகும். கோயில் வளாகம், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அங்கன்வாடி, மாநகராட்சிப் பள்ளி, அல்லது நடுத்தெரு. சிலருக்கு நாற்காலி, சிலருக்குத் தரை என்று இருக்கக் கூடாது, முடியாதவர்களுக்கு மட்டும் நாற்காலி போட்டுவிட்டு மற்ற எல்லோரும் பாயில் உட்காருங்கள்.

கோலமாவும் புளியங்கொட்டையும்

பேசச் சொன்னால் பேசிப் பழகியவர்கள்தான் பேசுவார்கள். பேசாதவர்களிடமிருந்து யோசனை வாங்க நாங்கள் கடைப்பிடித்த முறை இது, செலவு இருபது ரூபாய்கூட ஆகாது.

தெருவிளக்கு வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் தரையைக் கூட்டிவிட்டு, கோலமாவால் வார்டை வரையுங்கள். தெருக்கள், பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், வாய்க்கால், டிரான்ஸ்பார்மர். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. வரைகிற வேலையைப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள், அவர்கள் சண்டை போட்டுத் திருத்திக்கொள்வார்கள், அந்தச் சண்டையிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். முடிந்ததும் ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: "நம்ம ஏரியாவுல எந்த எடம் சரியானா உங்க நாள் லேசாகும்? அங்க வைங்க." ஐந்தையும் ஒரே இடத்திலும் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற அக்கா அன்றைக்குக் கடைசியாக வந்தார். ஐந்து கொட்டையையும் ஒரே இடத்தில் கொட்டினார், பேருந்து நிறுத்தத்துக்கும் தெருமுனைக்கும் நடுவில் இருக்கிற இருட்டுப் பாதையில். ஒரு பள்ளி மாணவி, "ஏன்க்கா எல்லாத்தையும் அங்கயே வச்சீங்க?" என்று கேட்டாள். "பாப்பா எட்டரை பஸ்ஸுல வருவா. நான் பொட்டிய அப்படியே விட்டுட்டுத் தெனம் ஓடுறேன். கரி அணைஞ்சு போகுது" என்றார். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் பேசவில்லை. கேமரா வேண்டும் என்று முதல் கூட்டத்தில் விடாமல் வாதாடிய ஓய்வுபெற்ற ஐயா குனிந்து, கேமராவுக்காக வைத்திருந்த தன் கொட்டைகளில் இரண்டை எடுத்து அந்த இருட்டுப் பாதைக்கு நகர்த்தினார். ஒரே தெருவில் பதினைந்து வருடம் இருந்தும் அந்த இரண்டு பேரும் அதற்கு முன் பேசிக்கொண்டதில்லை.

முடிந்ததும் கொட்டைகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். கோலத்தை மேலிருந்து ஒரு புகைப்படம் எடுங்கள், காலையில் அழிந்துவிடும்.

பிரிக்கிற வேலை

வந்த யோசனைகளை இப்போது பிரிக்க வேண்டும். எரியாத பல்பு, அள்ளாத குப்பை, உடைந்த குழாய் போன்றவை புகார்கள். இவற்றை மாநகராட்சியின் புகார் எண்ணிலோ செயலியிலோ பதிந்து எண் வாங்கிவிடுங்கள், சபைக்குக் கொண்டுபோகாதீர்கள். பல பகுதி சபைகள் வெறும் குறைகேட்பு நாளாக முடிந்துபோவதற்குக் காரணம் இதுதான், நாற்பது பேரும் நாற்பது பல்பைப் பற்றிச் சொன்னால் ஊரைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

புதிதாகச் செய்ய வேண்டியவை தனி: விளக்குக் கம்பம், நடைபாதை, பூங்கா, கழிப்பறை, படிப்பகம். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று பாருங்கள். எல்லாச் சாலையும் மாநகராட்சியுடையது இல்லை, நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளும் ஊருக்குள் ஓடும். வைகை நீர்வளத் துறையிடம் இருக்கிறது. மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் மின்வாரியம், அதில் தொங்குகிற தெருவிளக்கு மாநகராட்சி. பேருந்து நிற்க வேண்டும் என்றால் போக்குவரத்துக் கழகம். தவறான மேசையில் கொடுத்த மனு ஆறு மாதம் ஊர் சுற்றும்.

இன்னொன்று, பணமே தேவைப்படாத யோசனைகளும் வரும். எங்களுக்கு வந்தது, பள்ளி விடுகிற அரை மணி நேரம் அந்தச் சந்தில் கார் நிறுத்தக் கூடாது என்பது. இதற்குத் தீர்மானமோ நிதியோ வேண்டாம், தெருக்காரர்களே பேசி முடித்தோம்.

ஆதாரம் சேர்ப்பது

முதலில் எடுத்துக்கொள்ள ஒரு யோசனையைத் தேர்ந்தெடுங்கள், இரண்டுக்கு மேல் வேண்டாம். இடத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எத்தனை மீட்டர், எத்தனை கம்பம், அதில் எத்தனை எரிகிறது. ஒரு மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்த வழியில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணுங்கள், பள்ளிப் பிள்ளைகள் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். தண்ணீர் தேங்குகிற பிரச்சினை என்றால் மழை பெய்கிறபோதே படம் எடுத்து வையுங்கள், ஐப்பசியில் எடுக்காத படத்தைப் பங்குனியில் எடுக்க முடியாது.

காலி இடத்தில் பூங்காவோ விளையாட்டுத் திடலோ கேட்பதாக இருந்தால் இடம் யாருடையது என்று பார்க்காமல் ஒரு அடி நகராதீர்கள். அரசின் இணையச் சேவைத் தளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்கலாம். உங்கள் பகுதி மனைப்பிரிவாக வந்தது என்றால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் தேடுங்கள். இப்போதுள்ள கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நம் கண் முன்னால் முள்காடாகக் கிடப்பது நம் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடமாகவே இருக்கலாம்.

காகிதம் கிடைக்கவில்லையா, தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்.

ஒரு பக்க மனு

அரைப்பக்கம் வணக்கமும் பாராட்டும் எழுதி, கடைசி வரியில் விஷயத்தைச் சொல்கிற பழக்கத்தை விட்டுவிடலாம். எங்கள் மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"பொருள்: பேருந்து நிறுத்தம் முதல் தெருமுனை வரை 140 மீட்டர் நீளத்துக்குத் தெருவிளக்கு அமைத்தல் தொடர்பாக. இந்த நீளத்தில் இப்போது 2 கம்பங்களும் எரியும் விளக்கு ஒன்றும் உள்ளன. மாலை நேரத்தில் வேலையிலிருந்தும் டியூஷனிலிருந்தும் திரும்பும் பெண்களும் மாணவிகளும் இந்த வழியையே பயன்படுத்துகிறார்கள். கூடுதல் கம்பங்கள் அமைக்க மதிப்பீடு தயாரித்து, அடுத்த வார்டு குழுக் கூட்டத்தில் வைக்குமாறு இந்தப் பகுதி சபை தீர்மானிக்க வேண்டுகிறோம். இணைப்பு: அளவு குறித்த கைவரைபடம், புகைப்படங்கள் 3, கையொப்பங்கள்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று முடித்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. யார், எதை, எந்தக் கூட்டத்துக்குள் என்று எழுதினால் அதுவே தீர்மானத்தின் வாசகம் ஆகிவிடும். கையெழுத்து வாங்கும்போது வீட்டுக்கு ஒன்று என்று வாங்காதீர்கள், ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் இருந்தால் பெயரை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி வாங்குங்கள்.

சபைக்குப் பத்து நாள் முன்பே ஒரு நகலைக் கவுன்சிலரிடமும் ஏ.இ.யிடமும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் முதன்முறையாகக் கேட்கிறபோது எந்த அதிகாரியும் "பார்க்கிறோம்" என்றுதான் சொல்வார், அது அவர் தப்பும் இல்லை. முன்பே தெரிந்தால் இடத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

சபை நாளன்று

பேச ஒரே ஒருவர், மூன்று நிமிடம். யார் பிரச்சினையோ அவரே பேசட்டும், பக்கத்தில் அளவு சொல்ல ஒருவர் நிற்கட்டும். எங்களுக்கு அன்று பேசியது இஸ்திரி அக்காதான். கையில் காகிதம் எதுவும் இல்லை, பஸ் வருகிற நேரத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

கட்சிப் பேச்சு எழுந்தால் பதில் சொல்லாதீர்கள், மறுபடி அந்த 140 மீட்டருக்கு வாருங்கள். எதிர்க்கருத்து வந்தால் அதையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கு வந்தது, கம்பம் நட்டால் தன் கடை முன்னால் வண்டி நிறுத்த இடம் போகும் என்று ஒரு கடைக்காரர் சொன்னது. நியாயமான கவலை. மறுநாள் நாலு பேர் அவர் கடைக்கே போய், சாக்பீஸில் புள்ளி வைத்துப் பார்த்து, கம்பத்தை மூன்றடி தள்ளினோம். அவரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் முடிந்து எழுந்து போவதற்குள், தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். வாயால் சொன்ன சம்மதத்துக்கு ஆயுள் அந்த மாலை வரைதான். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், தேதியோடு உங்கள் நோட்டிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம்

மாநகராட்சி பட்ஜெட் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதில் இடம்பெற வேண்டுமானால் உங்கள் தீர்மானம் தீபாவளியை ஒட்டியாவது போய்ச் சேர வேண்டும். பொதுநிதி போக, சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி உண்டு. அப்புறம் நமக்கு நாமே திட்டம்: பணிச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். 9 லட்சம் ரூபாய் வேலைக்கு 3 லட்சம் நாம் திரட்ட வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்க முடிவுசெய்தபோது, சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்தார், ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவை.

ஆனால் பங்களிப்பு விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காசு கொடுக்க முடிகிற தெருவுக்குத்தான் வேலை நடக்கும் என்ற நிலை வந்துவிடக் கூடாது. நாங்கள் எடுத்த முடிவு, வசூலை வீட்டுக்கு வீடு கேட்பதில்லை, கடைகளிடமும் வெளியூரில் இருக்கிற நம் தெருப் பிள்ளைகளிடமும் கேட்பது, யார் எவ்வளவு கொடுத்தார் என்று பலகையில் எழுதுவதில்லை. பங்களிப்புக்கு வழியே இல்லாத பகுதியின் தேவையைப் பொதுநிதிக்கென்று தனித் தீர்மானமாகப் போடுங்கள். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் போனது. புனேயில் 2006 முதல் வார்டுக்காரர்கள் சொல்கிற சிறு பணிகளுக்கு பட்ஜெட்டிலேயே ஒரு ஒதுக்கீடு இருக்கிறது. நம் மாநகராட்சிகளிலும் அப்படி ஒரு தலைப்பு வேண்டும் என்று கேட்பது ஒவ்வொரு வார்டும் நிறைவேற்றக்கூடிய தீர்மானம்தான்.

வேலை தொடங்கிய பிறகும், பக்கத்து வார்டோடும்

பணி ஆணை வந்ததும் மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குழி எத்தனை அடி, கம்பி எந்தத் தடிமன் என்று அதில் இருக்கும். தினமும் ஒருவர் போய் நின்று பார்த்தால் போதும், சண்டை வேண்டாம், வேலை செய்கிறவர்களுக்கு மோர் கொடுங்கள். குறை தெரிந்தால் படத்தோடு ஏ.இ.க்கு அன்றே எழுதுங்கள், பில் போன பிறகு எழுதிப் பயனில்லை.

ஒரு வேலை முடிந்ததும் பக்கத்து வார்டைத் தேடிப் போங்கள், ஏனென்றால் பல விஷயங்கள் வார்டு எல்லையில் நிற்காது. கிருதுமால் நதி மதுரைக்குள் பல வார்டுகளைக் கடந்து போகிறது, மேலே ஒருவர் கொட்டுகிற குப்பை கீழே இன்னொருவர் வீட்டுக்குள் சாக்கடையாக ஏறும். இரண்டு வார்டுக்காரர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே வாசகத்தில் இரண்டு தீர்மானம் போட்டு, ஒரே நாளில் மண்டல அலுவலகத்தில் கொடுக்கலாம். கோவையில் 2017-இல் பேரூர் பெரிய குளத்தில் தொடங்கிய குளம் காக்கும் வேலைக்கு நகரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு வந்தார்கள். வந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே முகவரி குளம்தான், வார்டு எண்ணை யாரும் கேட்கவில்லை.

எங்கள் பாதையில் கம்பங்கள் வந்துவிட்டன. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது, எந்தக் கம்பம் எரியவில்லை என்றால் யார் போன் செய்வது என்று. முதல் கம்பம் கேமரா கேட்ட ஐயா பொறுப்பு. நாலாவது கம்பம் இஸ்திரி அக்காவின் மகள்.